மூடியின் உள்பக்கம்

வெள்ளவத்தை செட்டில் எனக்கு முன்னால்
ஒரு மீன் லொறி, இரண்டு ஓட்டோ,
கல்யாணத்துக்குப் பூச்சோடித்த ஒரு பென்ஸ்.
பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு
எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது.

"டூத, ஃபைவ்த, மிஸ்?"
குழாயைத் தோளில் சாய்த்தபடி ருவன் கேட்கிறான்.
நான்கு வருடமாக என் பதில் அவனுக்குத் தெரியும்.
கேட்பது மரியாதைக்கு.

காரை விற்ற அன்று குலவீரசிங்கம் அண்ணர்
சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னவர்:
"பிள்ளை, இவளுக்கு நான்
தொண்ணூத்தைஞ்சைத் தவிர வேற ஒண்டும் காட்டினதில்லை."
சம்பந்தம் பேசுகிற வீட்டில்
பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.
அதற்குப் பிறகு தொண்ணூற்றிரண்டு அடிப்பதென்றால்
இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்கு
பழஞ்சோறு போடுகிற கூச்சம்.

பல் டொக்டர் ஒருவரிடம் கணக்கெழுதுகிறேன்.
அவருடைய செலவில் ஐந்து ரூபா பிசகினாலும்
இரவு நித்திரை வராது.
என் செலவில்
லீற்றருக்கு நாற்பத்தெட்டு ரூபாவை
அடுத்தவர் பெருமைக்குக் கட்டிக்கொண்டு வந்தேன்.

வரிசை நாட்களில் எண்ணே கிடையாது.
மெரைன் டிரைவில் இரண்டு இரவு,
போகிற ரயில்களை எண்ணிக்கொண்டு,
முன் காரில் இருந்த மனுசி பிய்த்துத் தந்த
பாதி மாலுபாணைத் தின்றுகொண்டு.
அப்போது ஒரே கேள்வி, மூன்று மொழியிலும்:
இருக்கிறதா?
இருந்தது எதுவோ அதை அடித்தோம்.
கார் ஒன்றும் சொல்லவில்லை.
அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

மீன் லொறிக்காரர் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிறார்.
பொழுதுபோகாமல் இறங்கி மூடியைத் திறந்தேன்.
உள்பக்கத்தில், புழுதிக்கு அடியில், ஒரு ஸ்டிக்கர்.
ஜப்பான் எழுத்து.
விரலால் துடைத்து ஃபோனைக் காட்டினேன்.
"மிஸ், ஃபோன் எபா!" என்று ருவன் கத்துவதற்குள்
எழுத்துகள் நெளிந்து, நடுங்கி,
தமிழாகி நின்றன:

ஈயமற்றது. வழக்கமானது.

கப்பலேறும் முன்னரே ஒட்டியிருக்கிறார்கள்.
எத்தனை தடவை இந்த மூடியைத் திறந்திருப்போம்,
அவரும், நானும், ருவனும்.

கிராண்ட்பாஸ் நிஹ்மத் நானா போன மாதமே சொன்னவர்,
கையில் கிறீசோடு, நான் பில்லைப் பார்த்துக்கொண்டிருக்க:
"அது பவர் இல்ல தங்கச்சி.
நசுக்கக்குள்ள முந்திக்கொண்டு பத்தாம
பொறுத்திருக்கிற அளவு, அவ்வளவுதான்.
ஒங்கட இஞ்சின் அப்பிடியொண்டும் நசுக்காது."

தேவைப்படாத பொறுமைக்கு
நான்கு வருடம் காசு கட்டியிருக்கிறேன்.
மாதம் ஐம்பது லீற்றர்,
இன்றைய வித்தியாசத்தில் பெருக்கினால்
ஒரு லட்சத்துப் பதினையாயிரத்து இருநூறு.
பெருக்காமல் இருந்திருக்கலாம்.

"டூ" என்றேன்.
ருவன் அசையவில்லை.
"அனூதெக, மல்லி."
அவன் காரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.
சம்பளம் வரவில்லையா என்று
கேட்காமல் கேட்டபடி குழாயை மாற்றினான்.

தொட்டியில் இன்னும் ஒரு கோடு பழையது கிடக்கும்.
அதன் மேல் புதியது விழுகிறது.
நடுத்தரத்துக்கென்று இங்கே தனிக் குழாய் இல்லை;
உள்ளே போய்த்தான் கலந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அண்ணர் கேட்பார்,
என்னையல்ல, காரை:
"எப்பிடி இருக்கிறாள்?"
"வழக்கம்போல" என்பேன்.

கொட்டாஞ்சேனை ஏற்றத்தில்
ரேடியோவை நிறுத்தினேன், ஏசியை நிறுத்தினேன்,
கண்ணாடியை இறக்கிவிட்டு
தட்டுகிறதா என்று காது கொடுத்தேன்.

தட்டியது.
டிக்கிக்குள் ஜக்.
அது எப்போதும் தட்டுவதுதான்.